நெட்இன்ஸ்டாலில் ரூட்டர் தலைகாட்டவில்லையா? எங்கே தேடுவது

காரைக்குடிப் பக்கம் சித்திரை, வைகாசியில் ஒரு நல்ல இடி மழை அடித்து ஓய்ந்தால், மறுநாள் காலையில் எனக்கு வருகிற போன்கள் எல்லாம் ஒரே ராகம்தான். "தம்பி, பெட்டியில லைட் எரியுது, நெட்டு மட்டும் வரல." கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றிய வீடு, பள்ளத்தூரில் ஆச்சி மட்டும் தனியாக இருக்கிற வீடு, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை ஆபீஸ் என்று இடம்தான் மாறும்.

இந்த வீடுகளில் ஒற்றை வைஃபை ரூட்டரை வைத்துக் காலம் தள்ள முடியாது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. சுண்ணாம்புக் காரைச் சுவரின் கனத்துக்கு முகப்பு வைஃபை வளவைத் தாண்டாது. ஆகவே கட்டுக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்புகிற பெட்டி) வைத்து, எல்லாவற்றுக்கும் கேபிள் இழுத்து, முகப்பில் ஒரு மைக்ரோடிக் ரூட்டரைப் போட்டுவிடுவேன். பெரும்பாலும் ஹெக்ஸ் மாடல், வைஃபையும் சேர்த்து வேண்டுமென்றால் ஹேப் ஏசி2. கரண்ட் போய்ப் போய் வந்த ராத்திரிகளில் ரூட்டருக்குள் இருக்கிற சிஸ்டம் கெட்டுப்போவது உண்டு. அப்போது இருக்கிற வழி, ரூட்டரை நெட்வொர்க் வழியாக பூட் ஆகவைத்து லேப்டாப்பிலிருந்து புது சிஸ்டத்தை ஏற்றுவது. ரூட்டர் பக்கத்து வேலைக்கு ஈதர்பூட் என்று பெயர். லேப்டாப்பில் ஓடுகிற புரோகிராமுக்கு நெட்இன்ஸ்டால் என்று பெயர்.

அதைச் செய்யும் முறை மைக்ரோடிக்கின் தளத்திலேயே தெளிவாக இருக்கிறது. நான் இங்கே சொல்ல வருவது அதற்கு அடுத்த கட்டம். எல்லாம் எழுதியபடி செய்தாயிற்று, ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்து விரலும் வலிக்கிறது, ஆனாலும் நெட்இன்ஸ்டால் ஜன்னல் காலியாகவே கிடக்கிறது. அந்த நேரத்தில் பலரும் ரூட்டரைத் தூக்கிக் கடாசிவிட்டுப் புதிது வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். நான் பார்த்தவரை இந்தக் கட்டத்தில் கோளாறு ரூட்டரில் இருப்பதைவிட நம் லேப்டாப்பில் இருப்பதுதான் அதிகம்.

என்ன நடக்க வேண்டும்

நெட்வொர்க் பூட் என்பது ஒரு சின்னப் பேச்சுவார்த்தை. ரூட்டருக்கு அந்த நேரத்தில் ஐபி முகவரி கிடையாது. அதனால் 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255-க்கு, அதாவது கேபிளில் இருக்கிற எல்லாருக்கும், "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கேட்கும். இது பூட்பி. 1985-இல் எழுதிவைத்த நெறிமுறை, இன்றைக்கும் அப்படியே ஓடுகிறது. லேப்டாப்பில் இருக்கிற நெட்இன்ஸ்டால் ஒரு முகவரி கொடுக்கும். ரூட்டர் அதை ஏற்று, டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் அனுப்பும் நெறிமுறை வழியாக ஒரு சின்ன பூட் ஃபைலைக் கேட்கும். லேப்டாப் அதைத் துண்டு துண்டாக அனுப்பும். ரூட்டர் அதைத் தன் நினைவகத்தில் ஏற்றி ஓடவிடும். ஓடியபின்தான் நெட்இன்ஸ்டால் பட்டியலில் 'ரெடி' என்று வரும்.

இதில் எந்த இடத்தில் பேச்சு நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் ஃபயர்வாலை அணைப்பது, கேபிளை மாற்றுவது, வேறு வெர்ஷன் இறக்குவது என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்துகொண்டிருந்தால், கடைசியில் எது சரிசெய்தது என்றுகூடத் தெரியாது. அதனால் நான் எதையும் மாற்றுவதற்கு முன்னால், கேபிளில் ஓடுகிற பேச்சை வரிவரியாகக் காட்டுகிற வயர்ஷார்க் புரோகிராமைத் திறந்துவிடுவேன்.

வயர்ஷார்க்கில் பார்ப்பது

வயர்ஷார்க் இலவசம். நெட்வொர்க் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இந்த வேலைக்கு அதில் நான்கைந்து வரிகளைப் படிக்கத் தெரிந்தால் போதும். லேப்டாப்பின் ஈதர்நெட் அட்டையைத் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள். யுடிபி 67, 68 ஆகிய போர்ட்டுகளையும் (இவை கேபிள் செருகுகிற ஓட்டைகள் அல்ல, பூட்பி பேசுகிற எண்கள்), டிஎஃப்டிபியையும், 'இந்த ஐபி யாருடையது' என்று கேட்கிற ஏஆர்பியையும் மட்டும் காட்டும்படி வடிகட்டிக்கொள்ளுங்கள். வடிகட்டாவிட்டால் விண்டோஸ் தன் போக்கில் அனுப்புகிற குப்பையில் நமக்கு வேண்டியது மூழ்கிவிடும்.

இப்போது ரூட்டரை ஈதர்பூட்டில் போட்டுப் பாருங்கள்.

ஒரு வரிகூட வரவில்லை என்றால், ரூட்டர் பேசவே இல்லை, அல்லது பேசியது லேப்டாப்புக்கு வந்து சேரவில்லை. பவர், பட்டன், போர்ட், கேபிள் இவற்றில்தான் தேட வேண்டும். நெட்இன்ஸ்டால் அமைப்புகளை மாற்றுவது வீண்வேலை.

0.0.0.0-இலிருந்து கேள்வி வருகிறது, திரும்பத் திரும்ப வருகிறது, பதில் மட்டும் போகவில்லை என்றால், ரூட்டர் நன்றாகவே இருக்கிறது. அந்த வரியில் இருக்கிற மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதேதான் என்றால் சந்தேகமே வேண்டாம், குற்றவாளி லேப்டாப். வயர்ஷார்க், விண்டோஸ் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பாக்கெட்டைப் பார்த்துவிடும். அதனால் வயர்ஷார்க்கில் தெரிகிற கேள்வி நெட்இன்ஸ்டால் காதில் விழாமலே போகலாம்.

பதில் போகிறது, ஃபைலும் போகத் தொடங்குகிறது, பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து கேள்வி வருகிறது என்றால் கேபிள், போர்ட், பவர் மூன்றையும் சந்தேகப்படுங்கள். பட்டியலில் மேக் முகவரி வந்து, பக்கத்தில் 'சென்டிங் ஆஃபர்' என்றே நின்றுவிட்டால், லேப்டாப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட நெட்வொர்க் அட்டைகள் உயிரோடு இருக்கின்றனவா, ஃபயர்வால் பாதியை விட்டுப் பாதியைத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருமுறை நான் இந்த வரிகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, காபித் தம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்கள்: "ஏந்தம்பி, உசுரு இருக்கா?"

"இருக்கு ஆச்சி. அது கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கு. என் லேப்டாப்புதான் காது கேக்காத மாதிரி உக்காந்திருக்கு."

"அப்ப அதுக்கு ரெண்டு போடு."

ஆச்சி சொன்னபடியே அடுத்து லேப்டாப்பைத்தான் பார்க்கப்போகிறோம்.

லேப்டாப்பை ஒழுங்குபடுத்துவது

வைஃபையை அணையுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ், விபிஎன் போன்றவை உண்டாக்கி வைத்திருக்கும் போலி நெட்வொர்க் அட்டைகளையும் கன்ட்ரோல் பேனலில் போய் டிசேபிள் செய்யுங்கள். ரூட்டருக்குப் போகிற ஈதர்நெட் ஒன்று மட்டும் இருக்க வேண்டும். நெட்இன்ஸ்டால் தவறான அட்டையில் போய்க் காத்துக்கொண்டிருப்பது ரொம்ப சாதாரணமாக நடக்கிற சங்கதி.

அந்த ஈதர்நெட்டுக்குக் கையால் ஐபி கொடுங்கள்: 192.168.88.2, மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. நெட்இன்ஸ்டாலில் 'நெட் பூட்டிங்' பட்டனை அழுத்தி, பூட் சர்வரை டிக் செய்து, ரூட்டருக்குக் கொடுக்க வேண்டிய முகவரியாக 192.168.88.3 என்று எழுதுங்கள். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், ஆனால் ஒரே முகவரியாக இருக்கக் கூடாது. லேப்டாப்பின் முகவரியையே இங்கேயும் எழுதிவிட்டு மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து ஃபயர்வால். கேட்வே இல்லாத, நேரடியாகச் செருகிய கேபிளை விண்டோஸ் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று எடுத்துக்கொண்டு பப்ளிக் பிரிவில் போட்டுவிடும். பப்ளிக் பிரிவில் வெளியிலிருந்து வருகிற கேள்விகளுக்குக் கதவு சாத்தல். நெட்இன்ஸ்டாலை முதல்முறை திறக்கும்போது வருகிற அனுமதிப் பெட்டியில் பிரைவேட்டுக்கு மட்டும் டிக் போட்டு ஓகே கொடுத்திருப்பீர்கள். அது இங்கே உதவாது. பப்ளிக்குக்கும் டிக் வேண்டும், அல்லது வேலை முடியும்வரை ஃபயர்வாலை முழுதாக அணைத்துவிடுங்கள். இணையமே இல்லாத கேபிள்தானே, பயம் ஒன்றும் இல்லை. தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் ஒளிந்திருக்கும், அதையும் பாருங்கள். முடிந்ததும் மறக்காமல் எல்லாவற்றையும் திரும்பப் போடுங்கள்.

போர்ட் எண்ணை மட்டும் திறந்துவிடுகிறேன் என்று சிலர் 69-ஐத் திறப்பார்கள். டிஎஃப்டிபியில் கேள்விதான் 69-க்கு வரும். பதிலும் அதற்குப் பின்னால் நடக்கிற போக்குவரத்தும் வேறொரு போர்ட்டில் நடக்கும். அதனால் போர்ட்டை அனுமதிப்பதைவிட அந்த புரோகிராமையே அனுமதிப்பது நல்லது. நெட்இன்ஸ்டாலை வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிடுங்கள்.

டிஎஃப்டிபிடி64 மாதிரி வேறொரு டிஎஃப்டிபி சர்வர் ஏற்கெனவே பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் மூடுங்கள். ஒரே போர்ட்டில் இரண்டு பேர் உட்கார முடியாது.

நடுவில் ஒரு சுவிட்ச்

எல்லாம் சரியாக இருந்தும், கேள்வி ஒன்றிரண்டு முறை மட்டும் எட்டிப்பார்த்துவிட்டுக் காணாமல் போகிறதா? ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஒரு சாதாரண ஐந்து போர்ட் சுவிட்சைச் செருகுங்கள். ரூட்டர் பூட் ஆகிற நேரத்தில் அதன் போர்ட் ஒரு தடவை அணைந்து எரியும். நேரடியாகச் செருகியிருந்தால் லேப்டாப் "கேபிள் போய்விட்டது" என்று நினைத்து, லிங்க் மறுபடி வந்தபின் தன் ஐபியை எழுப்ப சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும். ரூட்டர் கேட்கிற அந்தச் சில வினாடிகளில் லேப்டாப் இன்னும் தயாராகியிருக்காது. நடுவில் சுவிட்ச் இருந்தால் லேப்டாப்புக்கும் சுவிட்சுக்கும் இடையில் லிங்க் அசையாமல் இருக்கும். யுஎஸ்பியில் செருகுகிற ஈதர்நெட் அடாப்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம் உதவும்.

விலை குறைந்த, அமைப்புகள் எதுவும் இல்லாத சுவிட்சாக இருக்கட்டும். மேனேஜ்டு சுவிட்ச் என்றால் ஸ்பானிங் ட்ரீ என்ற பாதுகாப்பு ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக லிங்க் வந்த போர்ட்டை அது 15 வினாடி கவனிக்கும், இன்னும் 15 வினாடி கற்றுக்கொள்ளும், அதற்கப்புறம்தான் பாக்கெட்டை விடும். அந்த அரை நிமிஷத்தில் ரூட்டர் கேட்ட கேள்விகள் எல்லாம் காற்றோடு போய்விடும். கல்லூரி லேப்களில் பசங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான்.

அந்தச் சுவிட்சை வீட்டு நெட்வொர்க்கோடு சேர்த்துவிடாதீர்கள். ரூட்டர், லேப்டாப் இரண்டு கேபிள் மட்டும். ஐபி முகவரி கொடுக்கிற வேறு டிஎச்சிபி சர்வர் யாராவது நடுவில் புகுந்து பதில் சொன்னால் பேச்சு திசைமாறிப் போகும்.

ஒரு வரிகூட வரவில்லை என்றால்

முதலில் பட்டன். ஹெக்ஸ் போன்றவற்றில் பவரைப் பிடுங்கி, ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடியே பவரைச் செருகி, விடாமல் காத்திருக்க வேண்டும். லைட் முதலில் மினுக்கும்; அங்கே விட்டால் அமைப்புகள் அழியும், அவ்வளவுதான். அப்புறம் நிலையாக எரியும். அங்கே விட்டால் வேறொரு முறைக்குப் போய்விடும். அதற்கும் அப்புறம் லைட் அணையும். அங்கேதான் விட வேண்டும். மொத்தம் சுமார் 20 வினாடி. பவர் வருவதற்கு முன்பே பட்டன் அழுந்தியிருந்தால் ரூட்டர் தன்னிடம் பத்திரமாக வைத்திருக்கும் மாற்று பூட் லோடரிலிருந்து (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் சின்ன புரோகிராம்) தொடங்கும் என்பதால், முதன்மை பூட் லோடரில் கோளாறு இருந்தாலும் இந்த வழி ஓடும். அதனால் எப்போதும் முதலில் பட்டன், பிறகு பவர்.

முகப்பில் இருக்கிற ரூட்டருக்கு இதை ஒற்றை ஆளாகச் செய்வது கஷ்டம். பிளக் பாயின்ட் தேக்குத் தூணுக்குப் பின்னால் தலைக்கு மேலே இருக்கும், ரூட்டர் கீழே இருக்கும். வாட்ச்மேன் அண்ணனிடம் "அண்ணே, நான் சொன்னதும் ஸ்விட்சைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, ஊக்கு நுனியைப் பட்டனில் வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். இல்லையென்றால் ரூட்டரைக் கழற்றித் திண்ணைக்குக் கொண்டுவந்து விடுங்கள், வெளிச்சமும் கிடைக்கும்.

ரூட்டர் அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்து, உள்ளே நுழைய முடிகிறது என்றால் பட்டனே வேண்டாம். ரூட்டர்போர்டு அமைப்புகளில் பூட் டிவைஸ் என்ற இடத்தில் 'ஒருமுறை ஈதர்நெட், பிறகு நேண்ட்' (ரூட்டரின் உள் சேமிப்பகம்) என்ற தேர்வு உண்டு. அதைப் போட்டு ரீபூட் செய்தால் அடுத்த தடவை தானாகவே நெட்வொர்க்கில் தேடும்.

பட்டனும் சரி, ஆனால் லைட் வரிசை வேறு மாதிரி நடந்து, ரூட்டர் ஈதர்பூட்டுக்குப் போகவே மாட்டேன் என்கிறதா? செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால் பழைய சொந்தக்காரர் 'புரொடெக்டட் ரூட்டர்பூட்'டைப் போட்டிருக்கலாம். அது ஈதர்பூட்டையும், கம்பி வழியாக ரூட்டரோடு நேராக எழுத்தில் பேசுகிற சீரியல் கன்சோலையும், ரீசெட்டின் வழக்கமான வேலைகளையும் அடைத்துவிடும். திறக்க, அவர் குறித்துவைத்த வினாடிக் கணக்கில் பட்டனைப் பிடிக்க வேண்டும். அவரைக் கேட்டால்தான் உண்டு.

எந்த போர்ட்

ஈதர்பூட் எல்லா போர்ட்டிலும் நடக்காது. பெரும்பாலான மாடல்களில் ஈதர்1-இல், அதாவது முதல் போர்ட்டில், மட்டும். சில பெரிய மாடல்களில் 'பூட்' என்று எழுதியிருக்கும் போர்ட்டில். கேபிளை இரண்டாவது போர்ட்டில் செருகிவிட்டு ஒன்றும் வரவில்லை என்று உட்கார்ந்திருந்தால் விடியவிடிய வராது.

இதில் நம் ஊர் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. முற்றத்தின் மேலே, ஓட்டின் மேலே, கட்டுக்குக் கட்டு திறந்தவெளியில் நீள நீளமாகக் கேபிள் ஓடுகிறது. பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால் அந்த நீளக் கேபிளில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, கேபிள் போய்ச் சேருகிற போர்ட்டைப் பதம்பார்த்துவிடும். ரூட்டரின் மற்ற போர்ட்டுகள் எல்லாம் சுகமாக இருக்கும், ஒன்று மட்டும் போயிருக்கும். போனது நான்காவது போர்ட் என்றால் டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடரலாம். போனது ஈதர்1 என்றால் நெட்வொர்க் பூட்டுக்கு இருந்த ஒரே வாசல் அடைபட்டது.

கண்டுபிடிப்பது எளிது. நல்ல கேபிளில் ஈதர்1-ஐ சுவிட்சோடு இணையுங்கள். ரூட்டரின் லைட்டை நம்ப வேண்டாம், சுவிட்சின் லைட்டைப் பாருங்கள். வேறு போர்ட்டுகளில் செருகினால் எரிகிறது, ஈதர்1-இல் எரியவில்லை என்றால் விஷயம் முடிந்தது. ஜிகாபிட் போர்ட்டில் 100 எம்பி வேகத்தில் மட்டும் லிங்க் வந்தால், நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒரு ஜோடியாவது போயிருக்கும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு போர்ட். உலோகப் பின்கள் கறுத்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்தும் பார்க்கலாம். இந்தப் பக்கம் போர்ட்டுக்குள் எறும்பு குடியிருப்பதும் உண்டு, அதையும் கண்டிருக்கிறேன்.

பவர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடாப்டரை மல்டிமீட்டரில் சும்மா அளந்தால் சரியாகத்தான் காட்டும். ரூட்டரின் சுமை ஏறும்போதுதான் விழும். லைட் எரிந்து, பூட் பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது என்றால் வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள். ஹெக்ஸ் ஆர்பி750ஜிஆர்3 மாடல் 8-இலிருந்து 30 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் அதற்கு மாற்று கிடைப்பது எளிது. எல்லா ரூட்டரும் அப்படியில்லை; 12 வோல்ட் ரூட்டருக்கு 24 வோல்ட் பின்னைச் செருகினால் உள்ளே புகைதான் வரும். பின்னின் அளவு ஒன்றாக இருப்பதை நம்பாதீர்கள்.

ஃபைல்

ரூட்டர் 'ரெடி' என்று வந்தபின் தவறான ஃபைலால் சிக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. ரூட்டரின் சிப் வகைக்கு ஏற்ற ஃபைல் வேண்டும். ஹெக்ஸ் ஆர்பி750ஜிஆர்3-க்கு எம்எம்ஐபிஎஸ். ஹேப் ஏசி2-க்கு ஏஆர்எம். ஹேப் லைட்டுக்கு எஸ்எம்ஐபிஎஸ். ஹேப் ஏஎக்ஸ்2-க்கு ஏஆர்எம்64. இறக்குகிற என்பிகே ஃபைலின் (மைக்ரோடிக்கின் சிஸ்டம் ஃபைல்) பெயரிலேயே இது இருக்கும்.

இன்னொன்று. 7.13 வெர்ஷனிலிருந்து வைஃபைக்கான பகுதி தனி என்பிகே ஃபைலாகப் பிரிந்துவிட்டது. முதன்மை ஃபைலை மட்டும் ஏற்றிவிட்டு, "நெட்டு வருது, வைஃபை செத்துப்போச்சு" என்று ஹேப் ஏசி2-வைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். செத்ததெல்லாம் இல்லை. இரண்டு ஃபைலையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து மறுபடி ஏற்றினால் வந்துவிடும்.

நெட்இன்ஸ்டால் லைசென்சைத் தொடாது; வைத்துக்கொள்ளச் சொல்லி டிக் போடாவிட்டால் அமைப்புகள் உட்பட மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடும்.

மைக்ரோடிக் இல்லையென்றால்

டிபி-லிங்க், ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் சிஸ்டம் போட்ட பெட்டிகள் போன்றவை வேறு வழியில் போகும். முதலில் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள், இதில்தான் குழப்பம் அதிகம். டிபி-லிங்க்கின் ஆர்ச்சர் சி7 போன்றவை தாமே போய் ஃபைலைக் கேட்கும். லேப்டாப்பில் டிஎஃப்டிபி சர்வர் வேண்டும். நெட்கியர் போன்ற சிலவற்றில் ரூட்டரே சர்வராக உட்கார்ந்து, நாம் ஃபைலைத் தள்ளுவதற்குக் காத்திருக்கும். லேப்டாப்பில் கிளையன்ட் போதும். டி-லிங்க்கின் பல மாடல்களில் பிரவுசரில் திறக்கிற அவசரப் பக்கமே உண்டு. விண்டோஸோடு வருகிற டிஎஃப்டிபி கிளையன்ட் மட்டும்தான், சர்வர் அல்ல; சர்வருக்கு டிஎஃப்டிபிடி64 போன்று தனியாக இறக்க வேண்டும்.

தானே கேட்கிற ரகம் என்றால் வயர்ஷார்க் இங்கே தங்கம். ஆர்ச்சர் சி7-இல் ரீசெட்டைப் பிடித்தபடி பவரைப் போட்டால், "192.168.0.66 யார்? 192.168.0.86-க்குச் சொல்லுங்கள்" என்று ஒரு ஏஆர்பி வரி ஓடும். நம் லேப்டாப் எந்த ஐபியில் இருந்தாலும் இந்த வரி தெரியும், ஏனென்றால் அது எல்லாரையும் பார்த்துக் கேட்பது. அதாவது, லேப்டாப் 192.168.0.66-ஆக இருக்க வேண்டும் என்று ரூட்டரே வாய்விட்டுச் சொல்லிவிட்டது. ஐபியை அப்படி மாற்றிவிட்டு மறுபடி பூட் செய்தால் அடுத்த வரி வரும்: டிஎஃப்டிபியில் ஃபைல் கேட்கிற வரி. அதில் எந்தப் பெயரில் ஃபைல் வேண்டும் என்பது எழுத்துக்கு எழுத்து இருக்கும்; டிபி-லிங்க்கில் மாடலும் வெர்ஷனும் வந்து 'டிபி ரெக்கவரி' என்று முடியும். அந்தப் பெயரை அப்படியே நகலெடுத்து ஃபைலுக்கு வையுங்கள். பெயர் தெரியாத ஏதோ ஒரு பெட்டி கையில் வந்தாலும் இந்த இரண்டு வரிகளே அதன் கையேடு.

'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று பதில் போகிறதா? பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். லினக்ஸ் சர்வரில் அது முக்கியம். விண்டோஸில் ஃபைல் நீட்டிப்பு மறைந்திருப்பதால், கடைசியில் 'டாட் பின்' என்ற நீட்டிப்பை நாமும் ஒருமுறை எழுதி, உண்மையில் 'டாட் பின் டாட் பின்' என்று ஆகியிருக்கும். எக்ஸ்ப்ளோரரில் நீட்டிப்பைக் காட்டவைத்துவிட்டுப் பாருங்கள். பெரிய ஃபைல் 32 எம்பி பக்கம் போய் நின்றுவிடுகிறது என்றால், அது டிஎஃப்டிபியின் பழைய எல்லை: ஒரு துண்டு 512 பைட், துண்டு எண் 65535-ஐத் தாண்டாது. எண்ணைத் திரும்பச் சுழற்றத் தெரிந்த சர்வரையோ பெரிய துண்டுகளையோ பயன்படுத்துங்கள்.

ஃபைல் முழுதாகப் போயும் ரூட்டர் மறுபடி மறுபடி அதையே கேட்கிறது என்றால், ஃபைல் அந்த மாடலுக்கோ அந்த ஹார்டுவேர் வெர்ஷனுக்கோ உரியது அல்ல. ஸ்டிக்கரில் மாடலுக்குப் பக்கத்தில் வி2, வி5 என்று இருப்பதைப் படித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

இதற்கு மேலும் போக வேண்டும் என்றால் மூடியைத் திறந்து சீரியல் கன்சோல்தான். 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் அட்டை ஒன்று வாங்கி, தரை, அனுப்பு, பெறு மூன்று கம்பிகளை மட்டும் இணையுங்கள், அனுப்பும் பெறும் மாறி மாறி வர வேண்டும். பவர் கம்பியை இணைக்கக் கூடாது. பெரும்பாலான பெட்டிகளில் வேகம் 115200. யு-பூட் என்ற பூட் லோடர் உள்ள ரூட்டர் டிஎஃப்டிபி செய்யும்போது திரையில் ஹேஷ் குறிகள் வரிசையாக ஓடினால் ஃபைல் வருகிறது என்று அர்த்தம். ஆங்கில டி எழுத்து மட்டும் வரிசையாக வந்தால் கேட்டுக் கேட்டு நேரம் கழிகிறது என்று அர்த்தம், அதாவது மறுபடியும் லேப்டாப் பக்கம். ஏஆர்பி முயற்சி தீர்ந்துவிட்டது என்று சொன்னால் சர்வர் முகவரிக்கு ஆளே இல்லை.

மறுபடி மாட்டும்போது

ஏற்றி முடித்து ரூட்டரை முகப்பில் திரும்ப மாட்டுகிறபோது, முற்றத்தைக் கடந்து வருகிற கேபிள்களை நேராக ரூட்டரில் செருகாதீர்கள். நடுவில் ஒரு சின்ன சுவிட்சை வையுங்கள். அடுத்த இடிக்கு முதலில் அடிவாங்குவது அதுவாக இருக்கட்டும். ஃபைபர் பெட்டியிலிருந்து வருகிற ஒரு முழக் கேபிள் மட்டும் ஈதர்1-இல் இருந்தால் போதும். அமைப்புகளை எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் ஒரு பிரதி, வீட்டுக்காரர் மெயிலில் ஒரு பிரதி போட்டுவிடுங்கள். நெட்இன்ஸ்டாலில் 'பழைய அமைப்பை வைத்துக்கொள்' என்று ஒரு டிக் இருக்கிறது. சிஸ்டமே கெட்டுப்போன ரூட்டரில் நான் அதைத் தொடுவதில்லை, கெட்டதும் சேர்ந்து திரும்பி வந்துவிடக்கூடும்.